வேதாகம அற்புதங்கள் நடந்த வரலாறா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் பிளந்தது, எரிகோவின் மதில் விழுந்தது, ஐந்து அப்பங்கள் ஐயாயிரம் பேருக்குப் போதுமானதாயின, கல்லறை காலியாக இருந்தது. இவற்றை நடந்தது நடந்தபடி எழுதிய வரலாறாகவே எடுத்துக்கொள்ள வேண்டுமா? மொத்தமாக ஒரே வார்த்தையில் ஆம் என்பவரும் இல்லை என்பவரும் அந்தப் பக்கங்களை நிதானமாக வாசிக்கவில்லை என்றே நாங்கள் கருதுகிறோம். ஒவ்வொரு கதையும் வேறு வகை எழுத்து. ஒவ்வொன்றுக்கும் உள்ள சான்றின் அளவும் வேறு. தனித்தனியாக எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விவாதம் உண்மையில் எதைப் பற்றியது?

மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எழுதியவர் இதை நடந்த நிகழ்ச்சியாகச் சொன்னாரா? அந்தக் காலத்து மக்கள் இது நடந்ததாக நம்பினார்களா? உண்மையிலேயே நடந்ததா?

முதல் கேள்வி இலக்கியம் சார்ந்தது. நியாயாதிபதிகள் 9-ஆம் அதிகாரத்தில் மரங்கள் கூடித் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடுகின்றன. ஒலிவமரமும் அத்திமரமும் பேசுகின்றன. அதை யாரும் வரலாறா என்று கேட்பதில்லை, யோதாம் சொன்ன உவமை என்பது அங்கேயே தெரிகிறது. எண்ணாகமம் 22-இல் பிலேயாமின் கழுதை பேசும் இடம் அப்படி இல்லை. அங்கே கதைசொல்லி அதைப் பயணத்தில் நடந்த சம்பவமாகவே சொல்லிக்கொண்டு போகிறார். இரண்டாவது கேள்விக்கு வரலாற்று ஆய்வு பெரும்பாலும் நல்ல பதில் தரும். மூன்றாவதற்குச் சான்று மட்டும் போதாது. கடவுள் உண்டா, இருந்தால் உலகில் தலையிடுவாரா என்பதைப் பற்றி நாம் ஏற்கெனவே கொண்டிருக்கும் எண்ணமும் உள்ளே வந்துவிடும். பேசும் இருவரில் ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் மூன்றாவதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம் பேசினாலும் நகராது.

ஆதித் திருச்சபை எல்லாவற்றையும் எழுத்துப்படியே எடுத்துக்கொண்டதா?

இல்லை. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் திருச்சபை அறிஞர் ஒரிகன், சூரியன் உண்டாகும் முன்பே முதல் மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் இருந்தன என்பதை அறிவுள்ள எவர் எழுத்துப்படி எடுப்பார் என்று கேட்டார். சாத்தான் இயேசுவை உயர்ந்த மலைக்குக் கொண்டுபோய் உலகத்தின் எல்லா ராஜ்யங்களையும் காட்டியதையும் அவர் அப்படி எடுக்கவில்லை. பெர்சியாவும் இந்தியாவும் சேர்ந்து தெரியும் மலை எங்கும் இல்லை என்றார். திருச்சபையின் மற்றொரு பழைய ஆசிரியரான அகஸ்தீனும் ஆதியாகமத்தின் ஆறு நாட்களை நம் 24 மணி நேர நாட்களாக எடுக்கவில்லை. இயற்கையைப் பற்றி விஷயம் தெரிந்தவர்களுக்கு முன்னால், வேதத்தின் பெயரால் அறியாமையைப் பேசுவது விசுவாசத்துக்கே இழுக்கு என்று எச்சரித்தார்.

இதைக் காட்டி, 'பார்த்தீர்களா, அவர்களே அற்புதங்களை நம்பவில்லை' என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அது தவறு. இதே ஒரிகன்தான் செல்சஸ் என்ற தத்துவவாதிக்கு மறுப்பு எழுதி, இயேசுவின் உயிர்த்தெழுதல் நடந்ததுதான் என்று வாதாடினார். ஒரு பகுதியை உருவகமாக வாசிப்பதும் அற்புதமே நடக்காது என்பதும் வேறு வேறு நிலைகள்.

இன்று திருச்சபைகளின் நிலை என்ன?

ஒரே நிலை கிடையாது. 1978-இல் சுவிசேஷக் கிறிஸ்தவ அறிஞர்கள் வெளியிட்ட சிகாகோ அறிக்கை, வேதாகமம் வரலாற்று விஷயங்களிலும் பிழையற்றது என்கிறது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, எழுத்தாளர் எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்பதைக் கவனித்தே பொருள்கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் அற்புதங்கள் நடக்கவே முடியாது என்ற கருத்தை 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் கண்டித்தது. அது இன்றும் கத்தோலிக்கப் போதனைதான். புராட்டஸ்டண்ட் தரப்பில் ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மன் 1941-இல், மின்விளக்கையும் வானொலியையும் பயன்படுத்திக்கொண்டே புதிய ஏற்பாட்டின் ஆவிகள் உலகத்தையும் அப்படியே நம்ப முடியாது என்று வாதிட்டார்.

ஒரு அற்புதக் கதையை எப்படிப் பரிசோதிப்பது?

முதலில் அந்த அதிகாரத்தை மட்டுமல்ல, முன்னும் பின்னும் உள்ள இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசியுங்கள். கவிதையா, உவமையா, அரசவைக் குறிப்பா, பாட்டிலிருந்து எடுத்த மேற்கோளா என்பது பெரும்பாலும் அங்கே தெரியும்.

அடுத்து, இதே நிகழ்ச்சி வேதாகமத்தில் வேறெங்கு வருகிறது என்று தேடி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது கூடியது, எது குறைந்தது, எது மாறியது என்று தாளில் எழுதுங்கள். மனதில் ஒப்பிட்டால் இரண்டும் கலந்து ஒரே கதையாகிவிடும்; இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

பிறகு மூன்று தேதிகள் வேண்டும். நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலம், நூல் எழுதப்பட்டதாக மதிப்பிடப்படும் காலம், நம் கையில் இருக்கும் மிகப் பழைய பிரதியின் காலம். கடைசித் தேதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யோவான் 5-இல் தேவதூதன் வந்து குளத்தின் தண்ணீரைக் கலக்குவான் என்ற வரி மிகப் பழைய பிரதிகளில் இல்லை. பின்னால் சேர்ந்த விளக்கம். அந்த வரி வரலாறா என்று வாதிடும் முன், அது யோவான் எழுதியதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக வெளிச் சான்றைப் பாருங்கள்: வேறு நாட்டுக் கல்வெட்டு, அகழாய்வு, எதிர்த் தரப்பின் எழுத்து. இவை கிடைக்கும் அற்புதக் கதைகள் மிகச் சில. கிடைக்கும்போது விட்டுவிடக் கூடாது.

இரு தரப்புச் சான்றும் உள்ள ஒரு கதையைக் காட்ட முடியுமா?

கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்தது. இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்கள் சொல்வது: சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்தான், யூதாவின் ராஜா எசேக்கியா 300 தாலந்து (பழைய எடை அளவு) வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கப்பம் கட்டினான், அதற்குப் பிறகும் எருசலேமுக்கு மிரட்டல் வந்தது, ஒரே இரவில் கர்த்தருடைய தூதன் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரித்தான், சனகெரிப் நினிவேக்குத் திரும்பினான், அங்கே தன் குமாரர்களால் கொல்லப்பட்டான்.

சனகெரிப்பின் சொந்தக் குறிப்பு களிமண் பட்டகங்களில் கிடைத்திருக்கிறது. 46 அரணான நகரங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்துவைத்ததாகவும், 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் வந்ததாகவும் அவன் எழுதினான். நினிவே அரண்மனைச் சுவரில் லாகீஸ் பட்டணத்து முற்றுகையைச் சிற்பமாகவே செதுக்கிவைத்தான்; லாகீஸில் மதிலை எட்ட முற்றுகைக்காகக் கட்டிய சாய்தளமும் அகழாய்வில் கிடைத்திருக்கிறது.

இனி ஒப்பிட்டுப் பாருங்கள். படையெடுப்பு, ராஜாக்களின் பெயர், கப்பம், 30 தாலந்து பொன் என்ற எண் வரை இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. வெள்ளியின் அளவு மாறுகிறது. இதில் மிகக் கனமானது ஒரு மௌனம்: எருசலேமைப் பிடித்தேன் என்று சனகெரிப் எங்கும் சொல்லவில்லை. வெற்றியைச் சுவரெங்கும் செதுக்கும் ராஜா தலைநகரைப் பிடித்திருந்தால் சொல்லாமல் விட்டிருப்பானா? ஆக, நகரம் தப்பியது வரலாறு. எப்படித் தப்பியது என்பதில்தான் விவாதம். கப்பத்தோடு திருப்தியடைந்து போயிருக்கலாம். எகிப்தியப் படை வந்தது காரணமாயிருக்கலாம். பாளயத்தில் கொள்ளைநோய் பரவியிருக்கலாம். எகிப்தில் சனகெரிப்பின் படையுடைய வில் நாண்களை இரவில் எலிகள் கடித்துப்போட்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் ஒரு கதை சொல்கிறார். அது இதே நிகழ்ச்சியின் எதிரொலி என்று சிலர் கருதினாலும், இடம் வேறு, நூலும் இரண்டரை நூற்றாண்டுக்குப் பிந்தியது.

இன்னொன்று: சனகெரிப் கொல்லப்பட்டது கி.மு. 681-இல், அதாவது 20 ஆண்டு கழித்து. வேதாகமத்தில் அது அடுத்த வசனத்திலேயே வருகிறது. எழுதியவர் பொய் சொல்லவில்லை, தண்டனை எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கிச் சேர்த்துச் சொல்கிறார். வரலாற்றுக் கருவும் இறையியல் வடிவமும் ஒரே பத்தியில் இப்படித்தான் சேர்ந்திருக்கும். இதை ஒருமுறை கையால் பிரித்துப் பார்த்தவர், மற்றக் கதைகளில் அவசரப்பட மாட்டார்.

கடல் பிளந்தது?

யாத்திராகமம் 14-ஐ மெதுவாக வாசித்தால் ஒரே அதிகாரத்தில் இரண்டு சித்திரிப்புகள் தென்படும். ஒன்றில் கர்த்தர் இராமுழுதும் பலத்த கீழ்க்காற்றினால் கடலை ஒதுக்குகிறார். மற்றொன்றில் மோசே கையை நீட்ட, தண்ணீர் இரு பக்கமும் மதிலாக நிற்கிறது. இரண்டு பழைய மரபுகள் பின்னப்பட்டவை என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் முடிவு. காற்று கடவுளின் கருவி, இரண்டும் ஒன்றே என்பவர்களும் உண்டு. எழுத்துப்படி வாசிப்பேன் என்பவர், இந்த இரண்டில் எந்த எழுத்தை என்று சொல்ல வேண்டும்.

அதைவிடக் கடினமானது எண்ணிக்கை. எகிப்திலிருந்து இஸ்ரவேல் ஆண்கள் மட்டும் சுமார் 6,00,000 பேர் புறப்பட்டதாக யாத்திராகமம் 12:37 சொல்கிறது. எண்ணாகமம் 1-இல் 6,03,550. பெண்கள், பிள்ளைகளையும் சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டும். அதே எண்ணாகமம் 3:43-இல் முதற்பேறான ஆண்கள் 22,273 பேர். வகுத்துப் பாருங்கள்: 27 ஆண்களுக்கு ஒரு மூத்த மகன், அப்படியானால் ஒவ்வொரு குடும்பத்திலும் 27-க்குக் குறையாத ஆண்பிள்ளைகள். தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் பிஷப் கொலன்ஸோ 1862-இல் இப்படிப்பட்ட கணக்குகளை வெளியிட்டபோது பெரும் புயல் எழுந்தது, ஆனால் கணக்கு தவறு என்று யாரும் காட்ட முடியவில்லை. உபாகமம் 7:7 வேறு, நீங்கள் எல்லா ஜனங்களிலும் கொஞ்சமானவர்கள் என்கிறது. எண்கள் எழுத்துப்படி நிற்காது என்பது எங்கள் தீர்ப்பு. அதனால் ஒரு சிறு கூட்டம் எகிப்திலிருந்து தப்பிவந்ததும் பொய் என்று ஆகிவிடாது. கி.மு. 1208 அளவில் எகிப்திய ராஜா மெர்நெப்தாவின் கல்வெட்டு, கானானில் இஸ்ரவேல் என்ற மக்கள் இருந்ததைக் குறிப்பிடுகிறது.

எரிகோவின் மதிலைத் தோண்டிக் கண்டுபிடித்தார்களே?

யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் சுற்றிவந்தபோது எரிகோவின் மதில் விழுந்தது என்பது கதை. 1930-களில் அகழாய்வாளர் ஜான் கார்ஸ்டாங் விழுந்த மதிலைக் கண்டு, அது கி.மு. 1400 அளவில் யோசுவா காலத்தில் விழுந்தது என்றார். 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் அதே மேட்டை இன்னும் நுணுக்கமான மண்ணடுக்கு முறையில் தோண்டி, கார்ஸ்டாங் சொன்ன மதில் பல நூற்றாண்டு முந்தியது என்றும், நகரத்தின் பேரழிவு கி.மு. 1550 அளவில் நடந்தது என்றும் காட்டினார். யோசுவாவுக்குப் பொதுவாகத் தரப்படும் காலத்தில் அங்கே மதில் சூழ்ந்த பெரிய நகரம் இருந்ததற்குத் தடயம் இல்லை. பிரசங்கங்களில் இன்றும் கார்ஸ்டாங்கின் முடிவு மட்டும் வருகிறது. மேற்கோள் காட்டுவதானால் இருவரையும் காட்டுங்கள்.

சூரியன் நின்ற நாளை நாசா கணினி கண்டுபிடித்தது உண்மையா?

யோசுவாவின் போரில் சூரியன் நின்றதாக யோசுவா 10 சொல்கிறது; அதனால் காலக் கணக்கில் குறைந்த ஒரு நாளை நாசா கணினி கண்டுபிடித்தது என்று ஒரு செய்தி உலவுகிறது. அது உண்மையல்ல. பின்னோக்கிக் கணக்கிடும் கணினியால், காணாமற்போன ஒரு நாளைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதற்கு, அந்த நாளுக்கு முந்திய ஒரு கிரகணம் எந்தத் தேதியில் எந்த மணியில் தெரிந்தது என்ற தனிப் பதிவு வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. யோசுவா 10:13-ஐப் பாருங்கள்: 'இது யாசேரின் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறதல்லவா' என்று நூலே தன் மூலத்தைச் சொல்கிறது. சூரியனை நோக்கிய வரிகள் எபிரேயக் கவிதை. போர்ப்பாடலின் வரியை வானியல் பதிவாக்குவது அந்தப் பாடலுக்கும் நியாயமல்ல.

செங்கடலின் அடியில் பார்வோனின் தேர்ச்சக்கரங்கள் கிடைத்தன என்ற செய்தியும் இதே ரகம். எந்த அருங்காட்சியகத்திலும் அவை இல்லை.

யோனாவும் மீனும்?

பெரிய மீன் யோனாவை விழுங்கியதாக யோனா புஸ்தகம் சொல்கிறது. யோனா என்ற தீர்க்கதரிசி இருந்தார், 2 இராஜாக்கள் 14:25-இல் வருகிறார். ஆனால் யோனா புஸ்தகம் மிருகங்களுக்கும் இரட்டு உடுத்தி உபவாசிக்க வைக்கிறது. நினிவேயின் ராஜாவுக்குப் பெயரே தரவில்லை. கர்த்தரின் கேள்வியோடு, பதில் வராமலே முடிகிறது. இவை போதனைக் கதையின் அடையாளங்கள். இயேசு யோனாவை மேற்கோள் காட்டினாரே என்பார்கள். எல்லோரும் அறிந்த கதையைச் சுட்டிக்காட்ட, அது நடந்ததாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

சுவிசேஷங்களில் உள்ள அற்புதங்களும் அதே ரகமா?

இல்லை. இங்கே இடைவெளி நூற்றாண்டுகள் அல்ல, சுமார் 40 முதல் 70 ஆண்டுகள். இயேசு நோயாளிகளைக் குணமாக்குபவர், பேய்களைத் துரத்துபவர் என்று அவர் காலத்திலேயே பெயர் பெற்றிருந்தார் என்பதை, நம்பிக்கையில்லாத ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஏற்கிறார்கள். மாற்கு 3:22-இல் எதிரிகள் அவர் பேயே ஓட்டவில்லை என்று சொல்லவில்லை. பிசாசுகளின் தலைவனைக் கொண்டு ஓட்டுகிறார் என்கிறார்கள். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் அவரை வியப்பான செயல்கள் செய்தவர் என்கிறார். அந்தப் பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவக் கைகள் பட்டிருந்தாலும், இந்தச் சொற்றொடர் அவருடையதே என்று பலர் கருதுகிறார்கள்.

ஆனால் இது நாம் மேலே பிரித்த இரண்டாவது கேள்விக்கான பதில். ஒவ்வொரு சம்பவமும் விவரம் மாறாமல் வந்ததா என்றால், இல்லை. எரிகோவில் பார்வை பெற்றவராக மாற்கு ஒரு குருடனைச் சொல்கிறார், மத்தேயு இருவரை. மாற்குவில் இயேசு ஊரை விட்டுப் புறப்படுகிறார், லூக்காவில் ஊருக்குச் சமீபமாக வருகிறார். பேய்கள் புகுந்த ஏறத்தாழ 2,000 பன்றிகள் கடலில் பாய்ந்த இடத்துக்குப் பிரதிகளில் மூன்று பெயர்கள் உள்ளன. அதில் ஒன்றான கெரசா, கலிலேயாக் கடலிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குருடர்கள் மூன்று பேர், வெவ்வேறு நேரம் என்று ஒட்டுப்போடுகிறவர்கள் நான்கு சுவிசேஷகரும் எழுதாத ஐந்தாவது சுவிசேஷத்தை எழுதுகிறார்கள்.

அப்பங்கள் பெருகியது, உயிர்த்தெழுதலைத் தவிர நான்கு சுவிசேஷங்களிலும் வரும் ஒரே அற்புதம். மரபு பழமையானது, அதில் ஐயமில்லை. அதே சமயம் 2 இராஜாக்கள் 4-இல் எலிசா 20 வாற்கோதுமை அப்பங்களால் 100 பேருக்குக் கொடுத்து மீதியும் வைத்த கதையின் அச்சு அதில் தெரிகிறது. பழைய கதை புதியதை உருவாக்கியதா, நடந்ததைச் சொல்ல பழைய கதையின் மொழி உதவியதா? சான்று இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் இயற்கை விளக்கம் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா?

தீராது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவுலஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், இயேசு தண்ணீர்மேல் நடக்கவில்லை, கரையோரம் நடந்தார் என்பதுபோல் விளக்கினார். 1835-இல் டேவிட் ஸ்ட்ராவுஸ் இதைச் சரியாகவே உடைத்தார்: கதையின் சிறு விவரங்களையெல்லாம் வரலாறாக நம்பி, கதை சொல்ல வந்த மையத்தை மட்டும் நீக்குவது எந்த முறை?

ஹியூமின் வாதம் அற்புதங்களுக்கு முடிவு கட்டிவிட்டதா?

தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748-இல் சொன்னது இது: சாட்சி பொய்யாக இருப்பது அந்த அற்புதத்தைவிடப் பெரிய அதிசயமாக இருந்தால் தவிர, எந்தச் சாட்சியும் அற்புதத்தை நிறுவாது. சாட்சிகளின் ஆர்வம், வதந்தியின் வேகம் பற்றி அவர் எழுதியது இன்றும் வலுவானது. ஆனால் நிகழ்வு அரிது என்பதாலேயே சாட்சியைத் தள்ளலாமா? 1767-இல் ரிச்சர்ட் பிரைஸ் லாட்டரியை உதாரணம் காட்டினார்: ஒரு குறிப்பிட்ட எண் விழும் வாய்ப்பு மிகமிக அரிது, ஆனாலும் செய்தித்தாளில் அந்த எண் வந்தால் நம்புகிறோம், நம்புவது சரியும்கூட. ஏதாவது ஒரு எண் விழுந்தே தீரும், செத்தவர் எழுந்தே தீர வேண்டியதில்லை என்பது ஹியூம் தரப்பின் பதில். ஹியூமைக் கடைசித் தீர்ப்பாகக் காட்டுபவர்கள், அவர் கண் முன்னே எழுந்த இந்த மறுப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மற்ற அற்புதங்களுக்கும் அதே அளவுகோலா?

கட்டாயம். பேரரசர் வெஸ்பாசியன் அலெக்சாந்திரியாவில் ஒரு குருடனைத் தன் உமிழ்நீரால் பார்வையடையச் செய்ததாகவும், மற்றொருவனின் முடங்கிய கையைச் சரியாக்கியதாகவும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். இனி பொய் சொல்லி ஆதாயம் இல்லாத காலத்திலும் அங்கிருந்தவர்கள் இதைச் சொல்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். இடைவெளி சுமார் 40 ஆண்டு, மாற்கு சுவிசேஷத்துக்கு உள்ளதைப் போலத்தான். இதைத் தள்ளி, இயேசு குருடனின் கண்களில் உமிழ்ந்து குணமாக்கும் மாற்கு 8:23-ஐ ஏற்பவர் காரணம் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே வீச்சில் தள்ளுபவரும் இரண்டையும் வாசித்த பிறகே தள்ள வேண்டும்.

உயிர்த்தெழுதல்?

இதைத் தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. மிகப் பழைய சான்று சுவிசேஷம் அல்ல, பவுலின் கடிதம். கி.பி. 55-ஐ ஒட்டி எழுதிய 1 கொரிந்தியர் 15-இல், தான் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு பட்டியல் தருகிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கு அதிகமான சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லோரும், கடைசியாகத் தானும். கலாத்தியர் 1-இன்படி, மனந்திரும்பிய மூன்று ஆண்டில் கேபாவையும் யாக்கோபையும் நேரில் சந்தித்தார். ஆகவே இந்த அறிக்கை நிகழ்ச்சியிலிருந்து சில ஆண்டுகளுக்குள் உருவானது. நூறு ஆண்டு கழித்து வளர்ந்த கட்டுக்கதை என்ற வாதம் இங்கே செல்லாது.

மறுபக்கம்: பவுல் காலியான கல்லறையைத் தனியாகச் சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த தரிசனத்தையும் மற்றவர்கள் கண்டதையும் ஒரே வரிசையில் வைக்கிறார். 4-ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகளில் மாற்கு சுவிசேஷம் 16:8-உடன், பெண்கள் பயந்து ஓடியதோடு முடிகிறது. பாம்பை எடுப்பது, விஷம் குடிப்பது உள்ள வசனங்கள் பின்னால் சேர்ந்தவை. சீஷர்கள் அவரைக் கண்டது மத்தேயுவில் கலிலேயா மலையில், லூக்காவில் எருசலேமிலும் அதன் சுற்றிலும். பரிசுத்தவான்களின் உடல்கள் எழுந்து நகரத்துக்குள் போனதாக மத்தேயு 27:52-53 சொல்வது வேறு எவரிடமும் இல்லை.

இயேசு இறந்த சில காலத்தில் அவரைக் கண்டதாகச் சீஷர்கள் உண்மையாகவே நம்பினார்கள் என்பது வரை வரலாற்றாசிரியர் உறுதியாகச் சொல்லலாம். அந்த நம்பிக்கைக்கு எது காரணம் என்பதில் பிரிகிறார்கள். பிரிவு மதத்தை ஒட்டியே போவதும் இல்லை: யூத அறிஞர் பின்காஸ் லாபிடே, இயேசுவை மேசியாவாக ஏற்காமலே உயிர்த்தெழுதல் நடந்தது என்றார்.

ஒன்றை உருவகம் என்று விட்டால் எல்லாம் சரிந்துவிடாதா?

பவுல் தன் விசுவாசத்தை எதன்மேல் நிறுத்தினார் என்று பாருங்கள்: கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்றார். மீன் யோனாவை விழுங்காவிட்டால் வீண் என்று எங்கும் சொல்லவில்லை. எல்லாக் கதைகளையும் ஒரே கயிற்றில் கட்டியது பிற்கால வாதம். இளைஞர்களிடம் அப்படிக் கட்டிக் கொடுப்பவர்கள், எரிகோ அகழாய்வைப் பற்றி அவர்கள் படிக்கும் நாளில் உயிர்த்தெழுதலையும் கைவிட வைக்கிறார்கள். சந்தேகவாதிகளும் இதே கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள்: யோனாவை மறுத்ததும் பவுலையும் மறுத்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

அகழாய்வு ஒருநாள் முடிவு சொல்லுமா?

இடத்தைச் சொல்லும், ராஜாக்களைச் சொல்லும். யோவான் 5 சொல்லும் ஐந்து மண்டபங்களுள்ள பெதஸ்தா குளம் கற்பனை என்று சிலர் எண்ணினர். எருசலேமில் பரிசுத்த அன்னாள் ஆலயத்தின் அருகே அது தோண்டி எடுக்கப்பட்டது. எழுதியவருக்கு ஊர் தெரியும் என்பது அதனால் உறுதியானது. 38 ஆண்டு நோயுற்றவன் எழுந்து நடந்தானா என்பதற்கு அந்தக் கற்கள் சாதகமும் அல்ல, பாதகமும் அல்ல. குளம் கிடைத்ததைக் காட்டி அற்புதத்தை நிரூபித்ததாகச் சொல்பவரிடமும், எரிகோவைக் காட்டி அற்புதமே சாத்தியமில்லை என்பவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தச் சான்று முன்னே பிரித்த மூன்று கேள்விகளில் எதற்குப் பதில் சொல்கிறது?